நீரே தெருவான நாட்டில்

குட்டநாட்டைப் பற்றி நம்மவர் எழுதும் பயணக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. தென்னை நிழல், அந்திச் செவ்வானம், அசையாத நீர், அதன்மேல் தவழும் ஓர் ஓடம். இறுதியில், இங்கே காலம் நின்றுவிட்டதே என்றொரு வியப்பு. காலம் எங்கே ஐயா நின்றது? காலைப் படகைத் தவறவிட்ட பள்ளிச் சிறுமியைக் கேட்டுப் பாருங்கள், அது எவ்வளவு விரைவாக ஓடுகிறதென்று சொல்வாள்.

குட்டம் என்றால் ஆழ்ந்த நீர்நிலை. கொடுந்தமிழ் நாடுகள் பன்னிரண்டனுள் ஒன்றாக நம் உரையாசிரியர்கள் எண்ணிய நாடு இது. பெயரை அறிந்த நாம் அதன் வாழ்வை அறியவில்லை. பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆறுகள் வேம்பநாட்டுக் காயலை நாடிவரும் அத்தாழ்நிலத்தில், வயல் பல இடங்களில் கடல்மட்டத்திற்கும் கீழே கிடக்கிறது. வயலைச் சுற்றிக் கரை, கரைமேல் வீடு, வீட்டு வாயிலில் தோடு. தோடு என்று மலையாளத்தார் சொல்வது நம் கால்வாயைத்தான். வாயிற்படி நேரே நீருக்குள் இறங்கும். அங்கே கட்டிக் கிடக்கும் சிறு வள்ளம் நம் வீட்டுச் சைக்கிளுக்கு ஒப்பு. அறுவடை நெல்லும் எரிவாயு உருளையும் மணமகளும் பிணமும் அவ்வழியேதான் செல்ல வேண்டும். உப்பு வாங்க மறந்தவள் மீண்டும் துடுப்பெடுக்கிறாள். சுற்றிலும் நீரிருக்க, கோடையில் குடிநீரும் படகில் வந்தாக வேண்டும். இதை ஓவியமாக மட்டும் காண்பவர் கண்ணை என்னென்பது!

மறுபுறம், சாலை இல்லாத ஊர் பின்தங்கிய ஊர் என்று தீர்ப்புக் கூறுவோர் உளர். நள்ளிரவில் பேறுகால வலியெடுத்தவளிடம் சாலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆயினும் அவளுக்கு வேண்டியது உரிய நேரத்தில் மருத்துவமனை. தார் அதற்கு ஒரு வழி மட்டுமே. ஆலப்புழையையும் சங்ஙனாச்சேரியையும் இணைக்கும் 24 கிலோமீட்டர்ச் சாலை குட்டநாட்டின் நடுவே போடப்பட்டது. மழைக்காலம்தோறும் அது மூழ்கிப் பேருந்துகள் நின்ற கதையை ஊரார் நன்கறிவர். அண்மைக் காலத்தில் அதன்மேல் மேம்பாலங்கள் எழுப்ப நேர்ந்ததும் அதனாற்றான். 2018-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் மக்களைக் காத்தவை படகுகளே.

தண்ணீர்முக்கத்துத் தடுப்பணை 1970களில் முடிந்தது. இரண்டாம் போக நெல்லுக்கு உப்புநீர் ஏறாமல் காப்பது அதன் நோக்கம், நல்ல நோக்கமே. ஆனால் ஆண்டுதோறும் உப்பேறி அழிந்துவந்த நீர்க்களைகள் அதன்பின் அழியவில்லை. ஆகாயத்தாமரை தோடுகளை அடைத்தது. படகின் சுழல்விசிறியிற் சிக்கியது. நம் தெருவில் ஒருவன் முள் வெட்டிப் போட்டால் சண்டைக்குப் போகிறோம். அங்கே தெருவை அடைத்த களையின் ஊதாப்பூவைப் படம் பிடிக்கிறோம். ஆணியின்றிக் கயிற்றால் தைத்து நெல் சுமந்த கெட்டுவள்ளங்களின் பெயரில் 1990களிலிருந்து பெருகிய உல்லாசப் படகுகளோ, அலை எழுப்பிக் கரையைக் கரைக்கின்றன. கழிவும் நீரில் கலக்கிறது. அந்நீரில்தான் கரைவீட்டார் பாத்திரம் துலக்க வேண்டும்.

தோட்டைத் தெருவென்று ஒப்புக்கொண்டால் தெருவுக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்ய வேண்டும்: தூர் வாரல், துறைகளில் விளக்கு, இரவிலும் படகு, தாழாத பாலம். இயலாததன்று. கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறை 1968 முதல் இயங்குகிறது. 2017-இல் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 75 பேரை ஏற்றும் கதிரொளிப் படகை விட்டதும் அத்துறையே. நீர்வழி பழங்காலத்தது என்போர் அதில் ஒருமுறை ஏறட்டும்.

அடுத்த கட்டுரை எழுதப் புறப்படும் அன்பர் உல்லாசப் படகை விடுத்து, ஆலப்புழைத் துறையில் நெடுமுடி செல்லும் அரசுப் படகில் ஏறுவாராக. மாலையில் இடம் கிடைப்பது அரிது; பள்ளி விட்ட பிள்ளைகள் முன்னமே அமர்ந்திருப்பர்.