திருமுழுக்குக்குப் பின் செய்த பாவம்



திருமுழுக்கினால் சென்மப் பாவம் நீங்குகிறது. வயது வந்தபின் முழுக்குப் பெறுவோருக்கு அதுவரை செய்த கர்மப் பாவங்களும் நீங்குகின்றன. இதை நம் ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளும் அறிவார்கள். அதன்பின் செய்த பாவத்துக்கு வழி என்ன என்று கேட்டால், பாவசங்கீர்த்தனம் என்று ஒரே குரலில் விடை சொல்வார்கள். விடை சரிதான். ஆனால் அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் இதை மனதார நம்புகிறார்களோ என்ற ஐயம் நமக்கு அடிக்கடி எழுகிறது.

"சுவாமி, பதினைந்து வருஷமாகிவிட்டது. இனி எந்த முகத்தோடு வந்து முழந்தாளிடுவது?" என்று கோவில் வாசலில் நின்று கேட்போர் உண்டு. (சங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதை வெளியில் சொல்ல எந்தக் குருவுக்கும் எக்காலத்தும் உரிமையில்லை. இங்கே நாம் எழுதுவன யாவும் வாசலிலும் தெருவிலும் காதில் விழுந்தவையே.) அறியாமல் செய்த பிழையை ஆண்டவர் பொறுப்பார், அவரை அறிந்து, அவருடைய பிள்ளையாகி, நன்மை வாங்கிய நாவோடு செய்த பாவத்தை எப்படிப் பொறுப்பார் என்பதே இவர்களுடைய கலக்கம்.

இது புதிய கலக்கமன்று. முதல் நூற்றாண்டுகளில் பலர் இதே அச்சத்தினால் திருமுழுக்கையே தள்ளிப்போட்டார்கள். கொன்ஸ்தந்தீன் பேரரசர் முழுக்குப் பெற்றது 337ஆம் ஆண்டில், மரணப்படுக்கையில். புனித அகுஸ்தீன் சிறுவனாயிருந்தபோது கடும் நோயுற்றார். முழுக்குக் கொடுக்க ஆயத்தம் செய்தார்கள். பிழைத்துக்கொண்டார் என்றதும் அதை நிறுத்திவிட்டார்கள். முழுக்குக்குப் பின் விழுந்தால் குற்றம் பெரிதாகுமே என்று தாய் மோனிக்கம்மாள் அஞ்சினாராம். இன்று நம்மவர் முழுக்கைத் தள்ளிப்போடுவதில்லை, சங்கீர்த்தனத்தைத் தள்ளிப்போடுகிறார்கள்.

இந்தக் கேள்வி திருச்சபையையே பிளக்குமளவுக்கு முற்றியது 250ஆம் ஆண்டில். உரோமைப் பேரரசன் தேசியுஸ், குடிகள் யாவரும் அரசின் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதிகாரிகளிடம் அத்தாட்சிச் சீட்டுப் பெறவேண்டும் என்று கட்டளையிட்டான். மறுத்தோர் சிறைப்பட்டனர், சிலர் உயிர் துறந்தனர். ஆனால் அஞ்சிப் பலியிட்டவர்களே மிகுதி. வேறு சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கலகம் ஓய்ந்ததும் இவர்களெல்லாரும் கோவில் வாசலில் வந்து நின்றார்கள். அவர்களை என்ன செய்வது?

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் புனித சிப்ரியான் இருபுறமும் நெருக்குண்டார். ஒருபுறம், சிறையிலிருந்த வீரர்களின் பரிந்துரைக் கடிதத்தைக் காட்டியவுடனே தவம் ஏதுமின்றி நற்கருணை கொடுத்துவிடத் துணிந்த குருக்கள். மறுபுறம் உரோமையில் நொவாசியான் என்பவர், கல்வியில் சிறந்தவர். விசுவாசத்தை மறுதலித்தவனுக்குத் திருச்சபையில் மன்னிப்பே கிடையாது, அவனைக் கடவுளிடம் விட்டுவிடவேண்டியதுதான் என்றார் அவர். 251ஆம் ஆண்டில் சிப்ரியான் ஆயர்களைக் கூட்டினார். சீட்டு மட்டும் வாங்கியவன், பலியிட்டவன், அடிபட்டு மனம் தளர்ந்து பலியிட்டவன் என்று ஒவ்வொருவனுடைய நிலையையும் தனித்தனியே ஆராயவும், தவத்துக்குப் பின் ஏற்றுக்கொள்ளவும் முடிவாயிற்று. திருத்தந்தை கொர்னேலியுஸ் அதே வழியில் நின்றார். நொவாசியான் பிரிந்துபோனார். அவருடைய கூட்டத்துக் குருக்கள் திரும்பிவந்தால், விழுந்து எழுந்தவர்களோடு உறவு கொள்வோம் என்று எழுத்தில் உறுதியளிக்க வேண்டும் என 325ஆம் ஆண்டின் நிசேயா பொதுச்சங்கம் விதித்தது.

நொவாசியானை நாம் எளிதில் இகழ்ந்துவிட முடியாது. இரத்தம் சிந்தியவனும் சீட்டு வாங்கியவனும் ஒரே பந்தியில் அமர்வது அநீதி என்று அவருக்குப் பட்டது. நம் ஊரிலும், "அவனெல்லாம் நன்மை வாங்க வரிசையில் நிற்கிறான் பாருங்கள்" என்று முணுமுணுப்போர் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களே. தாங்கள் அறியாமல் சேர்ந்தவர்கள். மூன்று முறை மறுதலித்த இராயப்பரிடம் ஆட்டுமந்தையை ஒப்படைத்தவர் ஆண்டவர். ஊதாரி மைந்தன் கதையில் வருபவன் அந்நியனன்று; வீட்டிலேயே பிறந்து, பாகம் பிரித்துக்கொண்டு போனவன். உயிர்த்த ஆண்டவர் சீடர்கள்மேல் ஊதி, பாவங்களை மன்னிக்கும் அதிகாரம் கொடுத்தது இத்தகைய வீட்டுப் பிள்ளைகளையும் முன்னிட்டே.

அதன்பின் நடந்த நீண்ட வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். பெரிய பாவங்களுக்கு வாழ்நாளில் ஒரேமுறை, சபையறியத் தவம் என்பது பழைய வழக்கம். ஐரிஷ் துறவிகள் தனித்துக் கூறும் சங்கீர்த்தனத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும் வழக்கத்தைப் பரப்பினார்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் என்ற கட்டளை 1215இல் வந்தது. இன்று நாம் வழங்கும் ஒப்புரவுச் சடங்குமுறை 1973இல் வெளியானது.

இதில் தமிழர்க்கென்று ஒரு சிறப்பான பக்கம் உண்டு. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் திருமுழுக்குப் பெற்றார்கள். முழுக்குக் கொடுத்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. 1542இல் வந்த புனித சவேரியார், பாவசங்கீர்த்தன மந்திரத்தையும் மற்றச் செபங்களோடு உள்ளூரார் துணைகொண்டு தமிழாக்கி, ஊர் ஊராய்ச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் மந்திரம் சொல்வது வேறு, மனதைத் திறப்பது வேறு. தம் குற்றத்தை மொழிபெயர்ப்பாளன் ஒருவன் காதில் போட்டு, அவன் குருவின் காதில் போடவேண்டும் என்றால் எத்தனை பேர் வருவார்கள்?

அடுத்து வந்த சேசுசபைக் குரு ஹென்ரீக்கஸ், அண்டிரிக் அடிகளார் என்று நம்மவர் அழைத்தவர், இதை உணர்ந்தார். தமிழை இலக்கணத்தோடு கற்று, துபாஷியின்றிச் சங்கீர்த்தனம் கேட்கலானார். 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய தம்பிரான் வணக்கத்தை எல்லாரும் அறிவர். 1580இல் கொச்சியில் அச்சான கொம்பெசியோனாயரு என்ற நூலைப் பலர் அறியார். போர்த்துக்கேயப் பெயர் கொண்டதாயினும் அது தமிழ் நூலே. ஆத்தும சோதனை செய்வது எப்படி, சங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று பத்துக் கட்டளைகளின் வரிசையில் கேள்விகளாக அது விளக்குகிறது. தமிழ் அச்சுக்கலையின் தொடக்க நாட்களிலேயே திருமுழுக்குப் பெற்றவன் விழுந்தால் எழுவதற்கென்று ஒரு புத்தகம் பிறந்தது.

இதை நாம் நினைவூட்டக் காரணமுண்டு. அமராவதி நகர், உடுமலை, தாராபுரம், திருப்பூர் என்று விரிந்த இப்பகுதியின் நூற்பாலைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் இன்று வேலை செய்வோர் தமிழர் மட்டுமல்லர். ஜார்க்கண்டு, ஒடிசா மாநிலங்களின் ஓராவோன், முண்டா, காரியா இனத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 1885 முதல் சோட்டா நாகபுரியில் உழைத்த லீவென்ஸ் அடிகளார் காலத்தில் பெருந்திரளாய் முழுக்குப் பெற்ற மக்களின் வழிவந்தவர்கள் அவர்களில் பலர். ஞாயிறு திருப்பலியில் பின்வரிசையில் நின்று, ஒரு சொல்லும் விளங்காமல், சரியான இடத்தில் முழந்தாளிடுகிறார்கள். சங்கீர்த்தனத்துக்கு வருவதில்லை. எந்த மொழியில் வருவார்கள்? முத்துக்குளித்துறையின் பழைய இக்கட்டு இன்று நம் வாசலில் நிற்கிறது; தமிழ் அறியாதவர் அன்று குரு, இன்று விசுவாசி.

விரும்புகிறவர் மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சங்கீர்த்தனம் செய்யத் திருச்சபைச் சட்டம் இடங்கொடுக்கிறது. கேட்டதை வெளியிடாத கடமை அம்மொழிபெயர்ப்பாளரையும் கட்டுப்படுத்தும். ஆனால் விடுதிக் காப்பாளரையோ, கம்பெனி மேற்பார்வையாளரையோ அதற்கு அழைத்துவருவது தகாது என்பது நம் உறுதியான எண்ணம். மாதச் சம்பளம் யார் கையில் இருக்கிறதோ அவர் காதில் தன் குற்றத்தைச் சொல்லும்படி எந்தப் பெண்பிள்ளையையும் நெருக்கலாகாது. இந்தி அறிந்த குரு ஒருவர் வரும்வரை காத்திருப்பதே மேல்.

இனிப் பரிகாரத்தைப் பற்றி ஒரு சொல். ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, சங்கீர்த்தனம், அபராதம் என்ற ஐந்தையும் மனப்பாடம் செய்தோர், கடைசிக் காரியம் மூன்று அருள்நிறை மந்திரத்தோடு முடிந்துவிடுவதாக நினைக்கிறார்கள். களவாடியவன் திருப்பிக் கொடுக்கவேண்டும். கொடுக்கும் எண்ணமே இல்லாதவனுடைய மனஸ்தாபம் மனஸ்தாபமன்று. டெய்லரின் பீஸ் கணக்கில் குறைத்து எழுதிய கான்டிராக்டர் குருவிடம் பாவமன்னிப்புப் பெறலாம். பாக்கிக் கூலியைக் குரு தள்ளுபடி செய்ய முடியாது. அது அந்த டெய்லருக்குச் சேரவேண்டிய பணம். சக்கேயுஸ் நாலு மடங்கு தருவதாகச் சொன்னது விருந்துக் களிப்பில் அன்று.

சாயத்தண்ணீர்க் காரியம் இன்னும் சிக்கலானது. நொய்யலில் விட்ட கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழேயுள்ள உழவர் நிலத்தைப் பாழாக்கியது. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அந்தப் பாவத்தை யார் சொல்லி அழுவது? முதலாளியா, இரவில் மதகைத் திறந்துவிட்ட கூலியாளா, அதனால் பிழைத்த ஊரா? ஏழாம் கட்டளையின்கீழ் இப்படியொரு கேள்வி நம் செபப்புத்தகங்களில் இல்லை. இருக்கவேண்டும் என்பது நம் கருத்து.

தபசு காலம் வரை காத்திராமல் வர நினைப்போருக்குச் சில சொற்கள். நாள் கணக்குச் சரியாய் நினைவிருக்கவேண்டும் என்பதில்லை. ஏறத்தாழ இத்தனை வருஷம் என்றால் போதும். மந்திரம் மறந்துபோயிருந்தால் குருவானவர் முன்சொல்லுவார். சனிக்கிழமை மாலை ஐந்து மணி என்று கோவில் பலகையில் இருப்பது பல கம்பெனிகளில் வாரச் சம்பளம் போடும் நேரம் என்பதைக் குருக்களும் அறிவார்கள். ஷிப்டு முடிந்தபின் எந்த நேரத்திலும் கேட்கலாம். அடுத்த வீட்டில் வடநாட்டுப் பிள்ளைகள் குடியிருந்தால் அவர்களுடைய மொழி எதுவென்று விசாரித்துப் பங்குக் குருவிடம் தெரிவியுங்கள். கம்பெனி வண்டியிலிருந்து இறங்கியவர்கள் வீட்டுக்குப் போய்க் குளித்து உடை மாற்றி வருவோம் என்று எண்ணி நேரத்தைக் கடத்தவேண்டாம். தலையில் பஞ்சு ஒட்டியிருக்க, அப்படியே வரலாம்.