‘ஆன்மிக’ விடுதலை: ஓர் அடைமொழியின் வேலை

கிறித்தவ நம்பிக்கையில் விடுதலை என்பது முற்றிலும் ஆன்மா சார்ந்தது. அதற்குச் சமூகப் பொருள் காண்பது இருபதாம் நூற்றாண்டு இறையியலாளர்கள் சேர்த்த சரக்கு என்று அண்மையில் தில்லியில் ஒரு கருத்தரங்கில் உறுதிபடச் சொல்லப்பட்டது. அங்கே மறுத்துப் பேச நேரம் வாய்க்கவில்லை. சொற்களின் வரலாற்றைப் படிப்பதே என் பணி என்பதால், சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் பவுல் ஆளும் சொல் ‘எலெயுதெரியா’. அது வழிபாட்டிடத்தில் பிறந்த சொல்லன்று. கிரேக்க உலகின் சட்டத்திலும் அன்றாட வாழ்விலும் வழங்கிய சொல். அடிமையல்லாதவர் ‘எலெயுதெரொஸ்’, அடிமை ‘தூலொஸ்’. கலாத்தியர் மடலில் (3:28) இவ்விரு சொற்களும் எதிரெதிரே நிற்கின்றன. அம்மடல் சபையில் வாசிக்கப்பட்டபோது கேட்டவர்களுள் அடிமைகளும் இருந்திருப்பர். தம் உடலின் விலையை அறிந்த அவர்களுடைய செவியில் அச்சொல் வெறும் உருவகமாக விழுந்திருக்கும் என்று கருத எனக்கு இயலவில்லை. உருவகம் தன் மூலப்பொருளை அழித்துவிட்டு இயங்குவதில்லை. அதன்மேல் நின்றே இயங்குகிறது.

பழைய தமிழ்த் திருப்புதல் இந்த ஒரு கருத்தை இரண்டு சொற்களால் தருகிறது. கலாத்தியரில் ‘சுயாதீனம்’, யோவான் எட்டாம் அதிகாரத்தில் ‘விடுதலை’. சுயாதீனம் என்பது தன் வசத்தில் தான் இருத்தல். விடுதலையோ ‘விடு’ என்னும் வினையடியிலிருந்து வருவது. விடுவிப்பவர் ஒருவர் அதில் மறைந்து நிற்கிறார். (அதே அடியிற் பிறந்த ‘வீடு’ நம் மரபில் இல்லத்தையும் பிறவி நீங்கிய நிலையையும் ஒருங்கே குறிப்பது தனியே எழுதவேண்டிய செய்தி.) பவுலின் கருத்துக்கு நெருங்கியது பின்னதே என்பது என் எண்ணம். அவர் பேசும் விடுதலையில் மனிதர் தமக்குத் தாமே ஆண்டவர் ஆவதில்லை, ஆண்டவர் மாறுகிறார். அவ்வாறு மாறியபின் சடங்கோ குலமோ பேரரசோ ஒருவர்மீது இறுதி உரிமை கோர முடியாது. ஆகவேதான், விடுதலை பெற்றவர்களிடமே, அன்பினால் ஒருவருக்கொருவர் அடிமையாயிருங்கள் என்னும் பொருள்பட (5:13) அவரால் எழுத முடிகிறது. ‘தூலொஸ்’ என்பதன் வினைவடிவமே அங்கு வருகிறது. அதன் கனம் முழுவதும் ‘ஒருவருக்கொருவர்’ என்பதில் இருக்கிறது. எல்லாரும் எல்லார்க்கும் அடிமை எனில், எசமானுக்குரிய இடம் காலியாகிவிடுகிறது.

இந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டு முதற்பாதியை மட்டும் உள்ளத்துக்குள் பூட்டிவைப்பது எப்படி நிகழும் என்பதற்கு லூத்தரே சான்று. 1520இல் கிறித்தவ விடுதலை குறித்து அவர் எழுதிய சிறுநூல், பவுலின் இந்த முரணையே அடித்தளமாகக் கொண்டது. ஐந்தாண்டுகள் கழித்து, 1525இல், மெம்மிங்கனில் கூடிய செர்மானிய உழவர்கள் பன்னிரண்டு கோரிக்கைகளை வெளியிட்டனர். கிறித்து எங்களை மீட்டிருக்க, எங்களைப் பண்ணையடிமைகளாக வைத்திருப்பது எவ்வாறு தகும் என்பது அவற்றுள் மூன்றாவதன் சாரம். லூத்தரின் மறுமொழி என்ன? கிறித்தவ விடுதலையை நீங்கள் உடல்சார்ந்த ஒன்றாக்குகிறீர்கள். ஆபிரகாமுக்கும் அடிமைகள் இருந்தனரே என்றார். ‘ஆன்மிக’ என்னும் அடைமொழி அங்கே பொருளை ஆழப்படுத்தவில்லை, வாயை அடைத்தது.

அகவிடுதலை பொய் என்று நான் சொல்லவரவில்லை. பவுல் சிறையிலிருந்தும் மகிழ்ச்சியைப் பற்றி எழுதியவர். விலங்கு பூட்டப்பட்டவர் ‘நான் விடுதலையாய் இருக்கிறேன்’ என்று சொன்னால் அது சாட்சியம். விலங்கின் சாவியை வைத்திருப்பவர் அதையே அவருக்கு எடுத்துரைத்தால், அதற்கு வேறு பெயர் உண்டு. இந்தியத் திருச்சபைகளில் சாதிக்கொரு கல்லறைப் பகுதி ஒதுக்கப்பட்ட ஊர்களில் எழும் முறையீடுகளுக்கு ‘விண்ணகத்தில் வேற்றுமை இல்லை’ என்று விடையளிப்போர் இரண்டாம் வகையினர்.

இந்திய வரலாற்றில் இவ்விடுதலையை அதன் இரு பாதிகளோடும் வாழ்ந்துகாட்டியவராக நான் கருதுவது பண்டித ரமாபாயை (1858–1922). பிராமணக் குடும்பத்தில் பிறந்து, வழக்கத்துக்கு மாறாகத் தாயிடமே வடமொழி கற்று, கல்கத்தா அறிஞர்களிடம் பட்டம் பெற்றவர். 1883இல் இங்கிலாந்தின் வாண்டேச்சில் ஆங்கிலிக்கத் திருமுழுக்குப் பெற்றார். நம் பாடநூல்கள் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுகின்றன. அதன்பின் அவருக்கும் அவரை வழிநடத்திய துறவுச் சகோதரிக்கும் இடையே நடந்த கடிதப் போர்தான் எனக்கு முதன்மையானது. திருமறையைத் தாமே படித்துத் தம் மனச்சான்றின்படி ஏற்கும் உரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு குருகுலத்தின் நுகத்தை அரும்பாடுபட்டு அகற்றியவர், இன்னொரு குருகுலத்தின் நுகத்துக்குத் தலை நீட்ட மறுத்தார். சிலுவையில் இலத்தீன் சொற்கள் பொறிப்பதைப் பற்றிய வாதத்தில், இலத்தீன் எவ்வகையில் வடமொழியினும் உயர்ந்தது என்று கேட்டார். வடமொழியைத் தெய்வமொழி எனக் கருதியன்று, தம் நாட்டின் பழைய, அழகிய மொழி என்பதனாலேயே விரும்புவதாகவும் தெளிவுபடுத்தினார். மொழியியல் மாணவர்கள் அனைவரும் படிக்கவேண்டிய கடிதம் அது.

தன்னுரிமையோடு அவர் நின்றுவிடவில்லை. 1889இல் பம்பாயில் கைம்பெண்களுக்காகச் சாரதா சதனைத் தொடங்கினார். 1890களின் பஞ்சத்தில் ஆதரவற்ற பெண்களைப் பூனாவை அடுத்த கேட்காவுக்கு அழைத்துவந்து அமைத்த இல்லத்துக்கு ‘முக்தி’ என்று பெயரிட்டார். பிறவியிலிருந்து விடுபடுதலைக் குறித்த ஒரு சொல், உணவும் எழுத்தறிவும் கைத்தொழிலும் தரும் ஓரிடத்தின் பெயராயிற்று. இறுதிக் காலத்தில் எபிரேய, கிரேக்க மூலங்களிலிருந்து திருமறையை மராத்தியில் பெயர்த்தார். வடமொழியில் வல்ல அவர், கல்வி வாய்ப்புக் கிட்டாத பெண்களுக்கும் விளங்கவேண்டும் என்பதற்காக, வடசொற் செறிவை வேண்டுமென்றே தவிர்த்தார். அச்சுக்கோத்தவர்களும் முக்தி இல்லத்துப் பெண்களே.

மீண்டும் கலாத்தியர் 5:13. தமிழ்த் திருப்புதலில் அங்கே ‘ஊழியம்’ நிற்கிறது. இன்று அது தேவாலயத்தில் மதிப்புக்குரிய சொல். 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் அதே சொல், ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் கூலியின்றிப் பறிக்கப்பட்ட கட்டாய உழைப்பின் பெயர். அந்த உழைப்பைச் செய்தவர்கள் இவ்வசனத்தை எப்படிக் கேட்டிருப்பர் என்பதை இப்போது ஆராயத் தொடங்கியிருக்கிறேன். மலையாளம், மராத்தி, காசி, மிசோ திருமறைகளில் இவ்விடத்தில் வரும் சொல்லையும், சமய வழக்குக்கு வெளியே அது பெற்றிருந்த பொருளையும் அறிந்த நண்பர்கள் பின்னூட்டத்தில் தெரிவித்தால் பேருதவியாய் இருக்கும்.