துப்யான்ஸ்கிக்கு எது அஞ்சலி?

மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் தமிழ் போதித்த பேராசிரியர் அலெக்சாந்தர் துப்யான்ஸ்கி 2020 நவம்பர் 18 அன்று கொரோனாவுக்குப் பலியானார். பழந்தமிழ்க் கவிதையின் வேர்களைச் சடங்குகளிலும் தொன்மங்களிலும் தேடிய ஆய்வாளர் அவர்.

“ருஷ்யரும் நம் மொழியின் பெருமையை ஒப்பினார்” என்று மார்தட்டுவது இரங்கலன்று, தற்புகழ்ச்சி. பிறர் இலக்கியத்தை அவர்தம் மொழியிலேயே கற்ற உழைப்பன்றோ அவர் விட்டுச்சென்ற பாடம்! டால்ஸ்டாயையும் கார்க்கியையும் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே பெற்றவர்கள் நாம். அதுகூடப் போகட்டும். தமிழும் சிங்களமும் அருகருகே ஒலிக்கும் இந்த முந்தலில், மார்ட்டின் விக்கிரமசிங்கவைச் சிங்களத்திலேயே படித்த தமிழாசிரியர் எத்தனை பேர்? பாரதியைத் தமிழிலேயே படித்த சிங்கள ஆசிரியர் எத்தனை பேர்? மொழியால் பிளவுண்டு குருதி சிந்திய நாட்டில் இது சிறு குறையா?

ஆசிரியர்களே, மாணவர்களே! அவர் படத்துக்கு மாலை வேண்டாம். அயலவர் மொழியின் முதல் எழுத்தை இன்றே எழுதுவோம்.