திரு.வி.க.வுக்குப் பெயர்ப்பலகை மட்டும் போதுமா?



ஆகஸ்டு பிறந்தால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் கொடியேற்றத்துக்கும் தியாகிகள் படத்துக்கு மாலை போடுவதற்கும் குறைவில்லை. ஆனால் அந்த மேடைகளில் தேசபக்தர்களைப் பாதியாக நறுக்கித்தான் காட்டுகிறார்கள். கப்பலோட்டிய வ.உ.சி.யைப் போற்றுவார்கள், 1908இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய வ.உ.சி.யைப் பற்றி மூச்சுவிட மாட்டார்கள்.

நம் பக்கத்திலேயே, போரூரை அடுத்த துள்ளத்தில் (இன்றைய தண்டலம்) 1883இல் பிறந்த திரு.வி.க.வுக்கும் இதே கதிதான். 'தமிழ்த்தென்றல்' என்ற பட்டத்தோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள். 1917இல் 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியரான அவர், மறு ஆண்டு ஏப்ரல் 27இல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் துணைத் தலைவரானார். தலைவர் பி.பி.வாடியா. 1921 பின்னி ஆலைப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. நாடுகடத்துவோம் என்று ஆளுநர் வில்லிங்டன் மிரட்டியும் திரு.வி.க. பின்வாங்கவில்லை. நாடு விடுதலை பெற்ற 1947லேயே, ஆலைத் தொழிலாளர் பக்கம் நின்றதற்காக அவரை வீட்டுக்காவலில் வைத்தது வெள்ளைக்காரன் அல்ல. சென்னை மாகாண காங்கிரஸ் ஆட்சி! அந்தக் கட்சியின் மாகாணத் தலைவராகவே ஒருகாலத்தில் இருந்தவர் அவர்.

இன்று கிண்டித் தொழிற்பேட்டைக்கு அவர் பெயர். மாநகராட்சி மண்டலத்துக்கும் சட்டமன்றத் தொகுதிக்கும் அவர் பெயர். அவர் கேட்ட சங்க உரிமை மட்டும் இழுபறியில். பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள சுங்குவார்சத்திரத்தில் 2024 செப்டம்பரில் தொடங்கி சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் சங்கம் பதிவானது 2025 ஜனவரியில், அதுவும் உயர்நீதிமன்றம் வரை போன பிறகு. பெரிய ஆலையிலேயே இந்தப் பாடு என்றால், எங்கள் அம்பத்தூர் எஸ்டேட்டின் சிறு பட்டறைகளில் காண்ட்ராக்டில் இருப்பவன் சங்கம் என்று வாயெடுக்க முடியுமா? மறுநாளே கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தோடுதான் நானும் என் வேலைக்காலத்தை ஓட்டினேன்.

தொழிலாளர் துறைக்கு என் கோரிக்கை இதுதான். சங்கப் பதிவு விண்ணப்பம் வந்தால் இத்தனை நாளுக்குள் முடிவு என்று கெடு வையுங்கள். தாமதித்தால் அதிகாரி எழுத்தில் காரணம் சொல்லட்டும். சங்கம் அமைக்க முயன்றதற்காக வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர்களின் புகாரை விசாரிக்க மாதம் ஒருநாளாவது அம்பத்தூரிலேயே அதிகாரிகள் உட்காரட்டும். பள்ளிக் கல்வித் துறையும் சுதந்திர தினப் பேச்சுப் போட்டித் தலைப்புகளில் 1918இல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்க்கட்டும். திரு.வி.க. பிறந்த நாளான ஆகஸ்டு 26க்குள் இவற்றில் ஒன்றையாவது அரசு அறிவிக்கட்டும். பிறகு மாலை போடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி,
அம்பத்தூர், சென்னை.