திருச்சியும் பலாலியும்

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலி நிலையத்துக்கும் இடையேயுள்ள ஆகாய மார்க்கம், நேர்க்கோட்டில் அளந்தால், ஏறக்குறைய 115 மைல்தான். இம்மார்க்கத்தில் 2025-ம் வருஷம் மார்ச் 30-ந் தேதி விமானப் போக்குவரத்து ஆரம்பமாயிற்று. அதை வரவேற்காத தமிழர் இரு கரையிலும் இரார். ஆயினும் வரவேற்புடன் கடமை முடிந்ததாக எண்ணலாகாது. தூரம் குறைவாயிருப்பது ஒன்று. பிரயாணம் எளிதாயிருப்பது வேறொன்று. முன்னது இயற்கை அளித்தது. பின்னதை இரு நாட்டுச் சர்க்கார்களே அளிக்க வேண்டும்.

கணக்கைச் சற்று நோக்குவோம். இத்தகைய குறுகிய மார்க்கங்களில் செல்லும் ஏ.டி.ஆர். ரக விமானம் மணிக்குச் சுமார் 300 மைல் வேகத்தில் பறக்க வல்லது. அவ்வேகத்தில் 115 மைலைக் கடக்க 23 நிமிஷம் போதும். ஆனால் பிரயாண நேரமோ ஏறத்தாழ ஒரு மணி. இது தவறன்று. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், மேலே ஏறவும், வேகந் தணிந்து இறங்கவும் பிடிக்கும் நேரம், தூரம் குறைவென்பதால் குறைந்துவிடாது. அத்துடன், அயல்நாட்டுப் பிரயாணமாகையால், சோதனைகளின் பொருட்டுப் பிரயாணி இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்து காத்திருக்கிறார். வானத்தில் கழியும் நேரத்தினும் தரையில் கழியும் நேரமே பெரிது.

இதனால் இம்மார்க்கம் பயனற்றதென்று நாம் கூறவில்லை. 2019-க்கு முன் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் செல்ல விரும்பியவர், யாழ்ப்பாணத்தைத் தாண்டித் தெற்கே கொழும்பில் இறங்கி, மறுபடி சுமார் 250 மைல் வடக்கே தரைவழி வரவேண்டியிருந்தது. தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதை அது!

இத்தொடர்பு புதியதுமன்று. 1914-ல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏற்பட்ட கப்பல் போக்குவரத்து, 1964-ம் வருஷத்துப் புயல் வரை நடந்தது. ஏர் சிலோன் ஸ்தாபனம் 1947 டிசம்பரில் தன் முதற் பிரயாணத்தையே யாழ்ப்பாணத்தின் வழியாகச் சென்னைக்கு நடத்திற்று. பாட்டனார் அனுபவித்த வசதியையே பேரன் இன்று புதுமையெனக் காண்கிறான். இடையில் யுத்தம் வழியை அடைத்தது.

வழி திறந்த பின்னும் நிலைபெறவில்லை. பலாலி 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாயிற்று. அடுத்த மாதமே சென்னையிலிருந்து விமானம் வந்தது. 2020-ல் தொற்றுநோயால் நின்ற அப்போக்குவரத்து, கொழும்பு மார்க்கம் திறந்து நெடுநாள் சென்ற பின், 2022 டிசம்பரிலேதான் மீண்டும் தொடங்கிற்று. நிச்சயமில்லாத வண்டியை நம்பி யார் கலியாணத்துக்கு நாள் குறிப்பார்? எந்த வியாபாரி சரக்குக்கு வாக்குக் கொடுப்பார்?

கட்டண விஷயமும் உண்டு. ஏறி இறங்கும் செலவு நெடுந்தூரத்தில் பரவிக் கரைகிறது. குறுந்தூரத்தில் அது முழுவதும் எழுபது எண்பது பிரயாணிகளின் தலையிலேயே விழுகிறது. இதன்மேல் இரு சர்க்கார்களும் தத்தம் வரிகளைச் சுமத்தினால், அண்டை ஊர்ப் பிரயாணம் தனவந்தரின் உல்லாசமாகிவிடும்.

பெரிய விமானங்கள் வர ஓடுபாதையை நீட்ட வேண்டுமென்பது மெய்யே. ஆனால் யுத்த காலத்தில் பலாலியைச் சுற்றி ராணுவத்தின் வசம் சென்ற நிலங்களில் ஒரு பகுதி இன்னும் உரியவர்க்குத் திரும்பவில்லை. பிரயாணியின் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்த, குடியானவன் தன் வயலை என்றென்றைக்கும் இழக்கலாகாது. அவன் சம்மதமும் நியாயமான ஈடும் பெற்றே எவ்வித விஸ்தரிப்பும் நடைபெற வேண்டும்.

இம்மார்க்கத்தில் வரிகளைக் குறைத்தல், சோதனைகளைச் சுருக்குதல், லாபம் குன்றிய மாதங்களிலும் போக்குவரத்து நில்லாதபடி உதவி புரிதல் ஆகிய மூன்றும் டில்லிக்கும் கொழும்புக்கும் இயலாத காரியங்களல்ல. கடல் அவ்வளவு அகலமன்று. அதை அகலமாக்கி வைத்திருப்பவை மனிதர் இட்ட தடைகளே. அவற்றை மனிதர் நீக்கவும் கூடும்.