பிப்ரவரி 22: வாடகைக் கிமோனோ வேண்டாம்

ஜனவரி கடைசி வாரம் வந்தால் போதும், கோவையில் மாறுவேட உடை வாடகைக்கு விடும் கடைகளில் கைடு கேப்டன்களைப் பார்க்கலாம். ஜப்பானுக்கு ஒரு கிமோனோ, ஹாலந்துக்கு ஒரு தொப்பி, ஆப்பிரிக்காவுக்கு ஏதோ ஒரு இலைப் பாவாடை. பிப்ரவரி 22 அன்று எட்டுப் பிள்ளைகள் மேடையில் வரிசையாக வந்து, ஆளுக்கொரு மொழியில் வணக்கம் சொல்லிவிட்டு இறங்குவார்கள். தலைமையாசிரியர் கைதட்டுவார், மாவட்டக் குழுவுக்குப் படம் போகும், அந்த ஆண்டுக்கான உலக சிந்தனை நாள் முடிந்துவிடும். கிமோனோ கட்டிய பெண்ணிடம் மறுநாள் ஜப்பானைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். இலைப் பாவாடையைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை. ஒரு கண்டத்தையே கேலி செய்துவிட்டு அதற்கு நட்பு என்று பெயர் வைக்க முடியாது.

இந்த நாள் எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் மேடைக்கு அதில் இடமே இல்லை. 1926இல் நியூயார்க் மாநிலத்தில் கேம்ப் எடித் மேசியில் கூடிய நான்காம் உலக மாநாடு, எல்லா நாட்டுச் சாரணியரும் ஒருவரை ஒருவர் நினைத்துக்கொள்ள ஆண்டில் ஒரு நாள் வேண்டும் என்று தீர்மானித்தது. சாரணர் இயக்கத்தை நிறுவிய ராபர்ட் பேடன் பவல் (1857), அவர் மனைவி ஒலேவ் (1889) இருவருக்கும் பிறந்த தேதி ஒன்றே என்பதால் பிப்ரவரி 22 தேர்வானது. 1932இல் போலந்தின் புச்சேயில் நடந்த ஏழாம் மாநாட்டில் பெல்ஜியப் பிரதிநிதி ஒருவர், பிறந்தநாள் என்றால் பரிசும் உண்டல்லவா என்று நினைவூட்டினார். ஆளுக்கு ஒரு பென்னி தாருங்கள் என்று ஒலேவ் அந்த ஆண்டே கடிதம் எழுதினார். நினைப்பதும் கொடுப்பதும்தான் இந்த நாளின் உள்ளடக்கம். மற்றதெல்லாம் நாம் சேர்த்துக்கொண்டது.

"ஏனுங்க மிஸ், வெள்ளைக்காரத் துரை பொறந்தநாள நாம எதுக்குங்க கொண்டாடணும்?" என்று எட்டாம் வகுப்பில் யாராவது கேட்பாள். கேட்டால் மழுப்ப வேண்டாம். 1911இல் ஜபல்பூரில் தொடங்கிய முதல் கைடு படை இங்கிருந்த ஆங்கிலேயப் பெண்களுக்கானது. இந்தியப் பையன்களுக்குச் சாரணர் இயக்கத்தில் இடம் கிடைக்காததால்தான் அன்னி பெசன்ட் சென்னையில் தனி அமைப்பு தொடங்க வேண்டி வந்தது. 1928இல் சாரணியரின் உலகச் சங்கம் உருவானபோது இந்தியாவும் அதை நிறுவிய நாடுகளில் ஒன்று. 1950 நவம்பர் 7இல் பாரத சாரணர் இயக்கம் அமைந்து, அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15இல் சாரணியரும் அதில் இணைந்தார்கள். ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். நம்மை வெளியே நிறுத்தியிருந்த ஓர் இயக்கத்தை நாம் எப்படி நம்முடையதாக்கிக்கொண்டோம் என்ற கதை பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

சரி, மேடை வேண்டாம் என்றால் என்னதான் செய்வது? கொங்கு வட்டாரத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்க வேண்டியதே இல்லை. அவிநாசி, பல்லடம், திருப்பூர் பக்கத்துப் பிள்ளைகளில் பலருடைய வீட்டில் யாரோ ஒருவர் பனியன் கம்பெனிக்குப் போகிறார். செக்கிங் டேபிளில் நிற்கும் அம்மாவின் கை வழியாக ஒரு நாளில் போகும் பீஸ்கள் எந்தெந்த ஊருக்குப் போகின்றன என்று அந்தப் பிள்ளை யோசித்திருக்க மாட்டாள். திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் டீ ஷர்ட் நான்கைந்து வாங்கி வாருங்கள். (கம்பெனியிலிருந்து பீஸ் எடுத்து வரச் சொல்லி அம்மாக்களை வம்பில் மாட்டிவிட வேண்டாம்.) சட்டையை உட்புறம் திருப்பினால் இடுப்புக்குக் கீழே பக்கத் தையலில் வாஷ் கேர் லேபிள் இருக்கும். ஓரம் பிரியத் தொடங்கிய, வழுவழுப்பான சின்ன வெள்ளைத் துண்டு. சிலவற்றில் புத்தகம் மாதிரி நாலைந்து ஏடுகள். ஜெர்மன், போலிஷ், ஸ்பானிஷ் என்று ஒரே வரி பல மொழிகளில் அச்சாகியிருக்கும். கூடவே தண்ணீர்த் தொட்டிக்குள் 30 என்ற எண், குறுக்குக் கோடு போட்ட முக்கோணம், உள்ளே புள்ளி வைத்த அயன் பாக்ஸ். அணிக்கு ஒரு லேபிள் கொடுத்து மொழிகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அந்த நாடுகளில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அங்குள்ள சாரணியருக்கு அணியே ஒரு கடிதம் எழுதட்டும்: நீங்கள் போட்டிருக்கும் பனியனை எங்கள் ஊரில் எப்படித் தைக்கிறார்கள், ஓவர்டைம் இருக்கும் இரவில் அம்மா எத்தனை மணிக்கு வீடு திரும்புவார். பதில் கடிதம் பள்ளி முகவரிக்குத்தான் வரவேண்டும். எந்தப் பிள்ளையின் கைப்பேசி எண்ணும் வெளியே போகக் கூடாது.

சாப்பாட்டு ஸ்டாலுக்கும் இதே வழிதான். பாக்கெட் நூடுல்ஸைக் கிளறிச் சீனா என்று எழுதி வைப்பதைவிட நம் சந்தகையை எடுத்துக்கொள்ளலாம். இங்கே மாவை இட்லிபோல் வேக வைத்து, சூடு ஆறுமுன் அச்சில் போட்டுப் பிழிகிறோம். யாழ்ப்பாணத்தில் மாவைப் பிழிந்த பிறகு வேக வைத்து, இடியாப்பம் என்று சொதியோடு சாப்பிடுகிறார்கள். மலேசியாவில் அதற்கே புட்டு மாயம் என்று பெயர், தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் தொட்டுக்கொள்ள. மூன்று தட்டுகளை அருகருகே வைத்துவிட்டால், முதலில் பிழிவதா, வேக வைப்பதா என்ற விவாதத்தைப் பிள்ளைகளே தொடங்கிவிடுவார்கள்.

வீடியோ அழைப்புக்கு லண்டனைத்தான் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். நம் காலை 10 மணி அங்கே விடியற்காலை 4.30. அதே நேரத்தில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பகல் 12.30, இலங்கையில் நம் மணிதான். மலேசியாவில் 500க்கு மேல் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. இலங்கையில் 1917இல் கண்டியில் தொடங்கிய சாரணியம் நூற்றாண்டைக் கடந்துவிட்டது. பேச மொழி ஒரு தடையில்லை என்றால், ஆங்கிலம் நன்றாக வரும் ஒரே பிள்ளை பேச மற்றவர்கள் பின்னால் நின்று கையசைக்கும் காட்சி இருக்காது. 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறையில் நடந்த சாரணர் வைர விழா ஜம்பூரியில் வெளிநாட்டுக் குழுக்களைச் சந்தித்த பிள்ளைகள் உங்கள் படையில் இருந்தால் அவர்களிடமிருந்தே தொடங்குங்கள். அழைப்பை மட்டும் மாநிலத் தலைமையகம் வழியாக ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

இலங்கை என்றதும் கொஞ்சம் நின்று பேச வேண்டிய ஒன்று இருக்கிறது. பவானிசாகர், அறச்சலூர், பூலுவபட்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்து நம் பள்ளிகளுக்கு வரும் பிள்ளைகள் சாரணியராகவும் இருக்கலாம். சிந்தனை நாள் வந்ததும் அந்தப் பெண்ணின் கையில் இலங்கைக் கொடியைக் கொடுத்து நிறுத்துவது நல்ல எண்ணத்தில் செய்கிற பெரிய தவறு. அவள் பிறந்தது ஈரோடு மாவட்டத்து அரசு மருத்துவமனையில்தான் இருக்கும். பார்த்தே இராத ஒரு நாட்டின் கொடி அது. இந்தியக் கொடியும் சட்டப்படி இன்னும் அவளுக்குச் சொந்தமாகவில்லை. எந்தக் கொடி உன்னுடையது என்ற கேள்வியை முந்நூறு பேர் முன்னால் அவள் எதிர்கொள்ள வேண்டாம். அவளாகப் பேச விரும்பினால் கேட்டுக்கொள்வோம், இல்லையென்றால் அவள் தன் அணியோடு லேபிள் படிக்கட்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். பன்னாட்டு நட்பு பேசும் நாளில் அந்தப் பிள்ளைகள் எந்த அணியிலும் சேராமல் ஓரமாக நிற்பதைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

ஒலேவ் கேட்ட அந்தப் பென்னி, அதாவது காசு விஷயம், சுருக்கமாக. கோலமாவில் சாரணியர் சின்னமான மூவிலையைப் பெரிதாகப் போட்டு, அதன் நடுவில் மூடிய உண்டியல் ஒன்றை வையுங்கள். எல்லோரும் வரிசையில் வந்து உண்டியலைத் தொட்டுவிட்டுப் போகட்டும். யார் போட்டார்கள், யார் போடவில்லை என்பது தெரியக் கூடாது. காசை எண்ணுவதும் கணக்கு எழுதுவதும் பிள்ளைகள் வேலை. மாவட்டம் வழியாக அனுப்பிவிட்டு ரசீதை நோட்டில் ஒட்டச் சொல்லுங்கள்.

2027இல் பிப்ரவரி 22 திங்கட்கிழமை. செய்முறைத் தேர்வுகள் நடக்கும் மாதம் என்பதால் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் நம்பித் திட்டம் போட வேண்டாம்; ஏழு, எட்டு, ஒன்பது போதும். அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் அணித் தலைவிகளின் கூட்டமான கோர்ட் ஆஃப் ஹானரைக் கூட்டி, எந்த நாடு, என்ன சமையல், யார் கடிதம் எழுதுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். கடிதங்கள் பொங்கல் விடுமுறைக்கு முன்பே ஏர் மெயிலில் போய்விட வேண்டும். பொங்கல் கழித்து அனுப்பினால் 22ஆம் தேதிக்குள் பதிலை எதிர்பார்க்க முடியாது.