சுவடு தேடி வருவோர்



சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் என்னிடம் வந்து மெல்லிய குரலில் ஓர் ஐயத்தைக் கேட்டார். தம் உடலில் கண்ட ஒரு கட்டியைப் பற்றி இரவில் தனியே அமர்ந்து கைப்பேசியில் தேடியிருக்கிறார். கணவரிடமும் அதைச் சொல்லவில்லை. மறுநாள் சமையல் குறிப்புப் படிக்கத் திறந்த பக்கத்தில் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றின் விளம்பரம் வந்து நின்றது. "யாரிடமும் சொல்லாத செய்தி எப்படிச் சாமி வெளியே போயிற்று?" என்றார். முதலில் மருத்துவரிடம் செல்லும்படி கூறினேன், சென்றார், அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை என்று தெரிந்தது. ஆயினும் அவருடைய கேள்வி அப்படியே நின்றது. அவர் இசைவுடன் அதற்கு இங்கே விடை எழுதுகிறேன்.

இணையப் பக்கங்களை நமக்குத் திறந்து காட்டும் செயலிக்கு உலாவி என்று பெயர். 1994-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மோன்டுல்லி என்பவர், உலாவியில் தங்கும் ஒரு சிறு குறிப்பை வகுத்து, அதற்குக் குக்கி என்று பெயரிட்டார். நோக்கம் நல்லதே: கூடையில் நாம் இட்ட பொருளை, அடுத்த பக்கத்திற்குச் செல்வதற்குள் கடை மறந்துவிடலாகாது. ஆனால் ஒரு பக்கத்தில் அதன் உரிமையாளர் மட்டும் இருப்பதில்லை. விளம்பர நிறுவனங்களும் இடம்பிடித்திருக்கின்றன. அவையும் தத்தம் குக்கியை வைக்கலாயின. ஒரே நிறுவனம் மருத்துவப் பக்கத்திலும் சமையல் பக்கத்திலும் இருக்குமாயின், இரண்டிலும் வந்தவர் ஒருவரே என்று அறிந்துகொள்ளும். அத்தாய்க்கு நேர்ந்தது இவ்வாறே இருக்கக்கூடும்.

உலாவிகளும் வாளாவிருக்கவில்லை. ஆப்பிளின் சஃபாரி 2017-இல் இத்தகைய மூன்றாமவர் குக்கிகளுக்குக் கட்டுப்பாடு விதிக்கத் தொடங்கி, 2020 மார்ச்சில் முற்றிலும் தடுத்தது. ஃபயர்பாக்ஸ் 2019-இல், பின்தொடர்வோர் எனத் தெரிந்தவர்களின் குக்கிகளை எல்லாப் பயனர்க்கும் தானாகவே தடுக்கலாயிற்று. 2022-இல் ஒவ்வொரு தளத்திற்கும் தனித்தனிச் சாடி வைத்தாற்போல், ஒரு தளத்தில் வைத்த குக்கியை வேறு தளத்தில் எடுக்க இயலாதபடி செய்தது. குரோம் மூன்றாமவர் குக்கிகளை இரண்டு ஆண்டுகளில் நீக்குவதாக 2020-இல் அறிவித்தது. பன்முறை ஒத்திவைத்து, 2024-இல் அத்திட்டத்தையே கைவிட்டது. அதன் உரிமையாளரான கூகுள் விளம்பரத்தால் பெரும்பொருள் ஈட்டுவது என்பதை வாசகர் மனத்திற்கொள்க.

குக்கியை அழித்துவிடலாம். கைரேகை எடுத்தல் என்று வழங்கும் மற்றொரு முறையோ இன்னும் நுட்பமானது. நம் பங்கில் அந்தோணி என்னும் பெயருடையோர் பலர். ஆயினும் 'கீழத்தெரு அந்தோணி, லாரி ஓட்டுபவர், இரட்டைப் பிள்ளைகளின் தகப்பனார்' என்றால் ஒருவரே எஞ்சுவார். அவ்வாறே திரையின் அளவு, எழுத்துருக்கள், மொழி, நேர மண்டலம், ஒரு படத்தைக் கருவி வரையும் விதம் ஆகியவற்றைச் சேர்த்து நம்மை இனங்காண்கின்றனர். அமெரிக்காவின் மின்னணு எல்லை அறக்கட்டளை 2010-இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த ஏறத்தாழ 4,70,000 உலாவிகளுள் 83.6 விழுக்காடு தனித்தன்மை உடையனவாய் இருந்தன. நம் கருவியில் எதுவும் வைக்கப்படாமையால், அழிப்பதற்கும் ஒன்றுமில்லை.

'என்னைப் பின்தொடராதே' என்று தளங்களை வேண்டிக்கொள்ளும் வசதி ஒன்றும் உலாவிகளில் இருந்தது. பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை. அவ்வேண்டுகோளே ஓர் அடையாளமாகிவிடும் என்று கருதி 2019-இல் சஃபாரி அதை நீக்கியது! ஃபயர்பாக்ஸும் 2025-இல் நீக்கிவிட்டது.

கைரேகையைத் தடுக்கும் வழிகளுள் இரண்டைக் கூறுவேன். எங்கள் குருமடத்தில் அனைவரும் வெள்ளை அங்கி அணிந்திருப்போம். நேரந்தவறி ஓடுபவர் எவர் என்று தொலைவில் நிற்கும் அதிபரால் கண்டுகொள்ள இயலாது. (நான் இதனால் பயன் பெற்றவன்.) டார் உலாவி செய்வது அதுவே: சாளரத்தின் அளவு முதலியவற்றை ஒரே வகையாக்கி, தன் பயனர் எல்லாரையும் ஒருவர் போலவே காட்ட முயல்கிறது. பிரேவ் உலாவியோ தளங்கள் கேட்கும் சில கேள்விகளுக்குத் தளத்திற்குத் தளம் சிறிதளவு மாற்றி விடையளித்துக் குழப்புகிறது. எந்த வழியும் முழுக்காப்பு அன்று. நாமே பெயர் கொடுத்து உள்நுழைந்த தளத்திற்கு நாம் யாரென்று தெரியாமற்போகாது.

மறைநிலைச் சாளரத்தைப் பலர் பெரிதும் நம்புகின்றனர். அது முக்கியமாக, அதே கருவியை எடுக்கும் வீட்டாரிடமிருந்து நம் தேடல் வரலாற்றை மறைப்பதேயன்றி, தளங்களிடமிருந்து நம்மை மறைப்பது அன்று.

அத்தாயின் கைப்பேசியில் அவருடைய மகன் ஃபயர்பாக்ஸை நிறுவிக் கொடுத்தான். எதற்கென்று அவன் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.